வாய்க்காலை ஒட்டிய சுவர்

தொண்ணூற்றொன்றில் பென்னலூரில் நாங்கள் வாடகைக்குப் போன அறையின் பின்சுவரில் உள்ளங்கை அளவுக்குப் பூசணம் கறுத்திருந்தது. சுண்ணாம்பு அடித்தால் சில நாள் ஒளிந்திருக்கும். பிறகு முன்னிலும் பெரிதாய் வெளியே வரும். கைக்குழந்தையான மகளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“ஈரத்துணிய உள்ளியே காயப் போட்டுகினு, செவுரு கறுக்குதுன்னா இன்னா சார் பண்றது? சோறாக்குற ஆவி வேற. வூட்ட நீங்கதான் பாத்துக்கணும்.”

மனைவி துணியை வெளியே உலர்த்தினாள். அடுப்பையும் வாசலுக்குக் கொண்டுபோனாள். கறுப்பு நிற்கவில்லை. ஒருநாள் பம்புசெட் ஓடும்போது சுவரில் கை வைத்தேன். காய்ச்சல் இறங்கும் நெற்றியைப்போல் வியர்த்திருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால், வீட்டுக்காரரின் நெல்வயலுக்குப் போகும் வாய்க்கால் எங்கள் அஸ்திவாரத்தை உரசிக்கொண்டு ஓடியது. அதன்பின் மோட்டார் சத்தம் கேட்டாலே மனைவி குழந்தையைத் தூக்கி எதிர்ச்சுவர் ஓரம் கிடத்துவாள்.

வாய்க்காலைத் தள்ளி வெட்டச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தோளில் கை வைத்து ஆறுதலாகவே பேசினார்.

“இந்த அறுப்பு முடியட்டும் சார், அப்பால வாய்க்காலே கெடையாது. கம்பெனியா வரப்போவுது, ஆளுங்க வருவாங்க. கழனிய தூத்து வரிசையா ரூம் கட்டப்போறேன்.”

அறுப்புக்கு முன்பே செங்கல் லாரி வந்துவிட்டது. நனைந்த வரப்பில் அடுக்கிய கற்களின் கீழ்வரிசை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. உள்ளே மகள் இருமினாள்.

அன்றே வேறு வீடு தேடிக் கிளம்பினேன். காட்டிய வீடெல்லாம் கழனியைத் தூர்த்துக் கட்டியவை. உள்ளே நுழையுமுன் ஒவ்வொன்றின் பின்சுவரையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாமே ஜில்லென்றிருந்தன.