ஆணியில் தொங்கிய தாலி

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் தலையில் இரும்பு சுமந்தவன் நான். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. அதே சாத்தாங்காட்டில் பிறகு என் பெயரில் பலகை மாட்டிப் பட்டறை வைத்தேன். புயல் கூரையைக் கொண்டுபோனபோது பக்கத்துப் பட்டறைக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் ஏணியில் ஏறிப் புதுத் தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். காலடிப்பேட்டையில் மாடி வீடு கட்டினேன். கொத்தனார் போட்ட படிக்கட்டு சரியில்லை என்று இடித்துவிட்டு, இரும்பிலேயே நானே படி வைத்தேன். எங்கள் தெருவில் யாரும் பெண்ணைப் பொறியியல் படிக்க அனுப்பாதபோது என் ஒரே மகளை அனுப்பினேன். இன்று அவள் கனடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் மோட்டார்களைப் பழுது பார்க்கிறாள். இதில் எதையும் யாரும் எனக்குச் சும்மா கொடுக்கவில்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணம் முடிந்த கையோடு மகளும் மருமகனும் கனடா போய்விட்டார்கள். மஞ்சள் கயிற்றில் இருக்கும் தாலியைப் பிரித்துத் தங்கச் சங்கிலியில் கோர்க்கும் சடங்கு அதனால் நின்றுபோயிருந்தது. போன விடுமுறைக்கு இருவரும் வந்தபோது அதை என் வீட்டில் வைத்தோம்.

அதற்குள் ஒரு படம் உறவுக்காரர்களின் போனில் எல்லாம் சுற்றியிருக்கிறது. தலையில் ஹெல்மெட், ஆரஞ்சுச் சட்டை, பின்னால் கிரேன், சிரித்தபடி என் மகள். கழுத்து காலி. எனக்கு அந்தப் படம் தெரியாது. சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவர் காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். கணவருக்கு விசைப்படகு.

கூடத்தில் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் நாங்கள் வாசல் பக்கம். கழுத்து ஒரு நொடியும் வெறுமையாக இருக்கக் கூடாது என்று முதலில் மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு ஒன்றை மகளுக்குக் கட்டினார்கள். பிறகு பழைய கயிற்றை எடுத்து, தாலியைப் பிரித்து, அரிசி பரப்பிய தட்டில் வைத்தார்கள். கோர்க்க வேண்டியதுதான் பாக்கி. சம்பந்தியம்மா தட்டை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இரு. வேலைக்குப் போறப்ப இத்த கழட்டி வெக்கிறியாமே?"

"ஆமா அத்த," என்றாள் மகள்.

பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள். மகள் தொடர்ந்தாள்.

"அங்க கரண்டுல வேல, அத்த. கழுத்துல, கையில தங்கம் கூட இருக்கக் கூடாது. இருந்தா உள்ளயே வுட மாட்டாங்க. தப்பித் தவறி பட்டுச்சின்னா நான் கரிக்கட்ட."

"அப்ப அந்த வேல இன்னாத்துக்கு? என் புள்ள சம்பாரிக்கல? இது மேல கைய வெச்சி சத்தியம் பண்ணு, இனிமே கழட்ட மாட்டேன்னு. பண்ணா கோக்கலாம். இல்லியா, என் புள்ள இங்கியே இருக்கட்டும். நீ மட்டும் பிளேன் ஏறு."

மருமகன் வாசலில் நின்று போன் உறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

"பொய் சத்தியம் பண்ண மாட்டேன் அத்த. தாலி வாணான்னா சொன்னேன்? ஆசையாத்தான் கட்டிக்கினேன். அந்த வேலைக்கும் அப்டித்தான் ஆசப்பட்டேன். ரெண்டையும் வுட மாட்டேன்."

"அப்ப என் புள்ள உசுரு?" சம்பந்தியம்மாவின் ஏலக் குரல் உடைந்துபோனது. "அவங்கப்பா போட்டுல ஏறி கடலுக்குப் போயிட்டா, திரும்பற வரிக்கும் இத்த கையில புட்ச்சிகினு படுக்கறவ நானு. உனக்கு இன்னா தெரியும்?"

மகள் எழுந்திருக்கக் காலை மடக்கினாள். எழுந்திருந்தால் கதை முடிந்தது. என் மனைவி கூட்டத்துக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வாயைத் திறக்காதே என்று. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சம்பந்தி, இவ அம்மாவும் கழட்டி வெச்சவதான்," என்றேன்.

பட்டறை தொடங்கிய காலத்தில் ஆள் வைக்க வழியில்லை. இரும்புப் பட்டையில் துளை போடும் மெஷினை என் மனைவிதான் ஓட்டினாள். குனிந்தால் தாலிக்கயிறு வெளியே விழுந்து, சுற்றுகிற கம்பிக்குப் பக்கத்தில் ஆடும். அதே மாதிரி மெஷின் ஒருவனைத் தோள் துண்டோடு இழுத்ததை நான் கண்ணால் பார்த்தவன். கழற்று என்றேன். உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அழுதாள். எனக்கு ஒன்றும் ஆகாது, கழற்றும்வரை சுவிட்சைப் போடமாட்டேன் என்றேன். அன்று முழுக்க மெஷின் ஓடவில்லை. மறுநாள் அம்மன் படத்துக்கு மேல் ஓர் ஆணி அடித்துக் கொடுத்தேன். தாலியை அதில் மாட்டிவிட்டுத்தான் மெஷினுக்குப் போவாள். யாராவது வந்தால் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொள்வாள். மகளுக்குக்கூடச் சொன்னதில்லை. சடங்கன்று அத்தனை பேர் நடுவில் சொன்னேன்.

சம்பந்தியம்மா என் மனைவியிடம் திரும்பினார். "மெய்யாலுமா?"

"மெசினு ஓட்ன வரிக்கும் தெனமும்தான்," என்றாள் அவள். "இந்தாளு வாய்க்கு ஒரு பூட்டு போட முடியல என்னால."

சம்பந்தியம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், ஏலத்துக்கு வந்த மீனைப் பார்ப்பதுபோல.

"நல்லா பாத்துக்கோ சம்பந்தி. சக்கர கெடையாது. பிரஷரு கெடையாது," என்றேன்.

"அது கெடக்கும்மா இன்னும் நூறு வருசம், எரும மாறி," என்றாள் பின்னாலிருந்த ஒரு கிழவி. சிரித்தார்கள். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. தட்டிலிருந்த தாலியை விரலால் ஒருமுறை தொட்டார்.

"கழட்டி எங்க வெக்கிற?"

"பூட்டு போட்ட பொட்டியில, அத்த."

"பூட்ஸும் அதுக்குள்ளதான?"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பூட்ஸோட வெக்காத. மஞ்சத் துணி தரேன், சுத்தி மேல வை. வேல முடிஞ்சா அங்கியே மாட்டிக்கினுதான் வெளிய வரணும்."

"இத்த சத்தியமா செய்றேன் அத்த."

தட்டு மடியிலிருந்து இறங்கியது. அந்த வாரமே இருவரும் சேர்ந்து விமானம் ஏறினார்கள்.

இப்போது அங்கே ஏதோ தமிழ்ப் பெண்கள் கூட்டத்தில் மகள் இதைப் பேசியிருக்கிறாள். வீடியோ எனக்கும் வந்தது. அம்மா அந்தக் காலத்திலேயே துணிந்தவராம். மாமியார் பெரிய மனசுக்காரராம். ஒரே கைதட்டல். நான் கடைசிவரை பார்த்தேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் மனைவி துணிந்தவள்தான். சம்பந்தியம்மா மனசும் பெரியதுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் தாலி கழன்றால் ஊர் நம்பிக்கைப்படி சாகப்போகிறவன் யார்? நான்தானே? தினமும் காலையில் அந்த ஆணியில் தொங்கியது யார் உயிர்?

மகளே, அடுத்த கூட்டத்தில் முதலில் உன் நைனாவைச் சொல். அம்மாவை அதற்கப்புறம் சொல்லிக்கொள்.