ரெண்டு பாஸ்போர்ட்காரன்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது என் வேலை இல்லை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன், முகம் தெரியாத இத்தனை பேர் முன்னால் பேச வந்திருப்பது எனக்கே அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் படுகிறது. ஆனாலும் ஊரில் இருப்பவர்களிடமும், இங்கே என்னைப் போல் குடியுரிமை வாங்கியவர்களிடமும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாங்கி விமான நிலையத்தில் இப்போதெல்லாம் பாஸ்போர்ட்டைக் கையில் எடுக்கவே வேண்டியதில்லை. கண்ணாடிக் கதவின் முன்னால் போய் நின்றால் போதும். முகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்துகொள்கிறது. அன்றைக்கு நான் ஒழுங்காகத் தூங்கியிருக்கவில்லை, சாப்பிட்டிருக்கவில்லை. அழுது அழுது கண்கள் வீங்கிக் கிடந்தன. பாசிர் ரிஸ் வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் மனைவி, "உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே பயமா இருக்கு, ஆளே மாறிட்டீங்க" என்றாள். அவளுக்கு மாறிப்போன முகம் கதவுக்கு மாறவில்லை. ஒரு நொடியில் என்னைத் தெரிந்துகொண்டு வழி விட்டது. ஒரு மனிதர்கூட, எங்கே போகிறாய், ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. என் பையில் இரண்டு பாஸ்போர்ட்டுகள் இருந்தன.

ஒன்று சிவப்பு, சிங்கப்பூருடையது, புதியது. இன்னொன்று நீலம், இந்தியாவுடையது. இரண்டு நாட்டுக்கும் ஒருவன் குடிமகனாக இருக்க முடியாது. அதனால் நீலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கவுன்ட்டரில் இருந்தவர் அதில் முத்திரை குத்திவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து அட்டையின் மூலையைச் சரக்கென்று வெட்டினார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "உங்க விரலை வெட்டலை சார்" என்று சிரித்தார். வெட்டியதை என்னிடமே தந்துவிட்டார். ஊருக்குப் போகும்போது இதையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள் என்று விசா எடுத்துக் கொடுத்த ஏஜென்ட்டும் சொன்னார். இதுதான் நான் இரண்டு பாஸ்போர்ட்டோடு பயணம் போன கதை. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

நான் போனது என் தம்பி செந்திலை எரிக்க. மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டையும் எங்கள் பங்காளி பழனி வீட்டையும் ஒரு சந்து பிரிக்கிறது. எங்கள் சமையலறைத் தண்ணீர் அந்தச் சந்தில் ஓடி அவன் வாசலில் தேங்குகிறது என்பதுதான் சண்டை. பாத்திரம் கழுவிய தண்ணீர், வேறொன்றும் இல்லை. அதற்காகப் பட்டப்பகலில், டீக்கடை பெஞ்சில் கிளாசோடு உட்கார்ந்திருந்தவனைப் பழனி பின்னாலிருந்து அரிவாளால் வெட்டினான். முதல் வெட்டு கழுத்தில். செந்தில் கையால் தடுத்தானாம். அடுத்த வெட்டில் அந்தக் கை போனது. ஜாலான் புசாரில் நான் வேலை செய்யும் இரும்புச் சாமான் கடையில் ஒருவருக்கு ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தபோது போனில் படங்கள் வந்தன. யாரோ எடுத்து, யாரோ யாருக்கோ அனுப்பி, என் போனுக்கும் வந்துவிட்டது. பெஞ்சுக்கு அடியில் கை தனியாகக் கிடந்தது. விரலில் நான் போட்டுவிட்ட மோதிரம் இருந்தது. ஆணியெல்லாம் தரையில் கொட்டிவிட்டேன்.

விசா வரும்வரை நான் இங்கே காத்திருந்தேன். கொலை செய்தவனைப் பிடிக்கும்வரை உடலை வாங்க மாட்டோம் என்று உறவினர்கள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பிடிவாதத்தால்தான் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடிந்தது.

திருச்சியில் இறங்கியதும் கால் தானாக இந்தியர்கள் வரிசைக்குப் போனது. எத்தனையோ தடவை நின்ற வரிசை. முறை வந்தபோது இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்து நீட்டினேன். அதிகாரி இளைஞர், நம் ஊர்க்காரர்தான். நீலத்தின் வெட்டுப்பட்ட மூலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது செத்துப்போச்சே சார். இதை எதுக்கு மேல வச்சுக் குடுக்குறீங்க? ஃபாரினர்ஸ் லைன் அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் போனேன். அங்கிருந்தவர், "பர்ப்பஸ் ஆஃப் விசிட்?" என்றார். "தம்பி டெத்" என்றேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "டூரிஸ்ட் விசா போட்டிருக்கு, டூரிசமா?" என்றார். நான் மறுபடியும் "டெத்" என்றேன். பின்னால் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, "டூரிசம்னு சொல்லுங்க சார், போயிடலாம்" என்றார். டூரிசம் என்று சொன்னேன். தம்பிக்குக் கொள்ளி வைக்கச் சுற்றுலாப் பயணியாகத்தான் ஊருக்குள் நுழைந்தேன்.

செந்திலுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். நான்தான் கொள்ளி வைத்தேன். முகத்தை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் துணியால் சுற்றியிருந்தார்கள். கழுத்தைப் பார்க்காதே என்றார்கள். பார்த்தேன். கோணிச் சாக்கைத் தைத்ததுபோல் தைத்திருந்தார்கள்.

சாம்பல் அள்ளிவிட்டு வந்த பிறகு, பந்தலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, என் பையிலிருந்து பாஸ்போர்ட்டுகள் எப்படியோ சித்தப்பா கைக்குப் போய்விட்டன. என் அப்பா போனபிறகு எங்களுக்கெல்லாம் பெரிய தலை அவர்தான்.

"என்னடா இது, ரெண்டு வச்சிருக்க?"

"ஒன்னு பழசு சித்தப்பா. செல்லாது."

"உன் பேரு இருக்கு, உன் மூஞ்சி இருக்கு. எப்படிடா செல்லாமப் போவும்?"

"மூலைய வெட்டிட்டாங்க, பாருங்க."

"ஆட்டுக்குக் காதை வெட்டுனா ஆடு செத்தா போயிரும்?"

துக்க வீடென்று பாராமல் நாலைந்து பேர் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பழனி உள்ள இருக்கான். அவன் தம்பி சின்னராசு உங்க சிங்கப்பூர்லதான இருக்கான்? உயிருக்கு உயிரு. செவப்புல வெட்டு, நீலத்துல ஏறி வந்துரு. அங்க உள்ளவன் செவப்புப் பாஸ்போர்ட்காரனத் தேடிக்கிட்டு கெடக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் விளையாட்டு இல்லை என்று தெரிந்தது.

"அங்க தூக்குல போட்ருவாங்க சித்தப்பா."

"அது அந்த ஊர்க்காரனுக்கு."

"இப்ப நானே அந்த ஊர்க்காரன்தான்."

"அப்ப செந்திலு யாருக்குத் தம்பிடா?"

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "கருமாதிக்குள்ள முடிச்சுரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் திரும்பும்போது தெருவில் என்னைப் பார்க்கும் பார்வையே மாறியிருந்தது. ரெண்டு பாஸ்போர்ட்காரன் என்று பேசிக்கொண்டார்கள். ஒருவன் இரண்டு ஆளாக இருக்க முடியும், ஒரு ஆள் கொலை செய்தால் இன்னொரு ஆள் தப்பித்துவிடலாம் என்று அத்தனை பேரும் நம்பினார்கள். லீவு முடிந்தது, கருமாதிக்குக்கூட இருக்க முடியாமல் கிளம்பினேன்.

சிங்கப்பூரில் அடிதடியே இல்லை என்று ஊரில் நினைக்கிறார்கள். பிரம்படி இருக்கிறது, தூக்குக் கயிறு இருக்கிறது. ஆனால் அடிப்பவன் யாரென்று தெரியாது, அடி வாங்குகிறவனின் சத்தமும் வெளியே கேட்காது. எங்கள் ஊரில் வெட்டுகிறவனின் பெயர் தெரியும், அவன் அப்பன் பெயர் தெரியும், எந்தப் பட்டறையில் அரிவாள் அடித்தான் என்றும் தெரியும். இங்கே எங்கள் கடையில் அதே நீளத்தில் கத்தி தொங்குகிறது. பாராங் என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். பிளாஸ்டிக் உறை போட்டு, விலை ஒட்டி, வாளிகளுக்குப் பக்கத்தில் இருக்கும். தோட்டம் போடுகிறவர்கள் வாங்குவார்கள். முன்பெல்லாம் அதை நான் தூசி தட்டிவிட்டுப் போய்விடுவேன். திரும்பி வந்தபிறகு அதன் பக்கம் பார்க்காமல் வேலை செய்தேன். தினமும் சித்தப்பா போனில் வருவார். "ஆச்சா?" என்பார். அந்த ஒரு சொல்தான். வைத்துவிடுவார்.

கருமாதிக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் நம் ஆட்கள் கூட்டம் சேரத் தொடங்கியிருந்த மத்தியான நேரம். கடை வாசலில் வந்து நின்றவன் சின்னராசு. கட்டட வேலைக்கு வந்தவன். கையுறை, டேப் வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவான். அண்ணே, அண்ணே என்று உயிரை விடுவான். பழனியின் அதே தாடை.

"அண்ணே, ரூமை விட்டே வெளிய வரலண்ணே. அவரு ரெண்டு பாஸ்போர்ட் வச்சிருக்காரு, உன்னப் போட்டுட்டு பிளேன் ஏறிருவாருன்னு ஊர்லேருந்து தெனம் போன் பண்றாங்க. செய்யறதுன்னா இப்பவே செஞ்சுருங்க. தெனம் தெனம் சாவ முடியலண்ணே."

அந்தத் தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ கிளாசோடு உட்கார்ந்திருந்தவன் கண்ணுக்குள் வந்தான். தைத்த கழுத்து வந்தது. எப்போது அவன் சட்டையைப் பிடித்தேன், எப்போது கல்லாமேசையில் அவன் முகத்தை மோதினேன் என்று தெரியாது. அவன் உதடு கிழிந்து ரத்தம் விலைச்சீட்டுகள் மேல் விழுந்தது. என் வலது கையில் பாராங் இருந்தது. உறையைப் பல்லால் கிழித்திருக்கிறேன். பிளாஸ்டிக் துண்டு வாயில் இருந்தது. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கழுத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே கிடந்தான். வெட்டியிருப்பேனா என்று என்னைக் கேட்காதீர்கள். கை மேலே போயிருந்தது. அது மட்டும்தான் தெரியும்.

பின்கட்டிலிருந்து தவுக்கே வந்தார். எங்கள் சீன முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம். காது கொஞ்சம் மந்தம், கண்ணும் அப்படித்தான். நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த குச்சி கையில் இருந்தது.

"ஏய், ஹி வான்ட் ஆ? எய்ட்டீன் டாலர். யுவர் ஃபிரெண்ட், ஃபிஃப்டீன் லா. லாஸ்ட் பிரைஸ்."

நான் பொருளைக் காட்டி விற்றுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். சின்னராசு மெல்ல எழுந்தான். உதட்டைத் துடைத்தான்.

"யெஸ் தவுக்கே. ஐ வான்ட்."

பணத்தை எடுத்து வைத்தான். தவுக்கே என் கையிலிருந்து பாராங்கை வாங்கி, சீன நாளிதழில் சுற்றி, பில் போட்டு அவனிடம் கொடுத்தார். என் கை வெறுமையாகக் கீழே இறங்கியது. என்னை வெட்டவிடாமல் செய்ய அவனுக்கு அந்த ஒரு வழிதான் தோன்றியிருக்கிறது. வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நான் வாசலுக்கு வந்தேன். தெருமுனையில் ரோந்து வந்த இரண்டு போலீஸ்காரர்கள் அவனை நிறுத்தியிருந்தார்கள். கிழிந்த உதடு, சட்டையில் ரத்தம், கையில் நீளமாக ஒரு பொட்டலம். யார்தான் நிறுத்த மாட்டார்கள்? நாளிதழைப் பிரித்ததும் ஒருவர் கை இடுப்புக்குப் போனது. சின்னராசு முழங்காலில் உட்கார்ந்துவிட்டான்.

நான் கடைக்குள் திரும்பிப் போய் ஆணியை எடை போட்டிருக்கலாம். வேலை பெர்மிட்டில் இருப்பவன் ஆயுதத்தோடு பிடிபட்டால் இங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளே வைப்பார்கள், பிறகு ஊருக்கு ஏற்றி அனுப்புவார்கள். திருச்சியில் சித்தப்பா காத்திருப்பார். நான் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. எல்லாம் தானாக முடிந்துவிடும். பையில் போன் அடித்தது. யாரென்று எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். தாடி மண்டிக் கிடந்தது. என் முகத்தில் இருக்கும் அதே அளவுத் தாடி. பங்காளிக்கும் சாவுத்தீட்டு உண்டு, தாடி எடுக்கக் கூடாது அல்லவா? தன் அண்ணன் வெட்டிய ஆளுக்காக, டார்மிட்டரியில் உட்கார்ந்துகொண்டு, யாரும் பார்க்காத இடத்தில், இவன் தீட்டுக் காத்து வந்திருக்கிறான்.

நடந்து போனேன். போலீஸ்காரர்களில் ஒருவர் பெண், தமிழ்ப் பெண், சின்ன வயது.

"அங்கிள், தள்ளி நில்லுங்க ப்ளீஸ். இவரு உங்க ஃபிரெண்டா?"

"பங்காளி."

"பங்காளினா? பிசினஸ் பார்ட்னரா?"

"இல்லம்மா. இவன் அண்ணன் என் தம்பிய வெட்டிட்டான்."

அவள் முகம் மாறியது. "வெட்டிட்டாரா? எப்ப? எங்க?"

"நம்ம ஊர்ல."

"அங்கிள், நம்ம ஊர்னா சிங்கப்பூர்லா. எந்த பிளாக்? எந்த ரோடு?"

ரேடியோவை எடுத்துவிட்டாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மன்னார்குடி என்றேன், இந்தியா என்றேன். அவள் ரேடியோவைத் தாழ்த்தினாள்.

"சரி. அப்ப இங்க இவரு எதுக்கு பாராங் வாங்குனாரு?"

"நான் அதால அவன வெட்டப் போனேன். என் கையிலேருந்து எடுக்கத்தான் காசு குடுத்து வாங்குனான். அந்த ரத்தம் நான் அடிச்சது."

"அங்கிள், நீங்க என்ன சொல்றீங்கனு உங்களுக்குத் தெரியுதா? நீங்க சிட்டிசனா?"

"ஆமாம்மா. புதுசு."

சின்னராசு தரையிலிருந்து, "வேணாண்ணே, சொல்லாதீங்கண்ணே" என்று அழுதான். என் வாழ்நாளில் அத்தனை பேர் பார்க்க, நடுத்தெருவில், நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கும்போது போன் மறுபடி அடித்தது. அனுமதி கேட்டு எடுத்தேன். "ஆச்சா?" என்றார் சித்தப்பா. "ஆச்சு. போலீஸ்ல சொல்லிட்டேன். சின்னராசு பத்திரமா இருக்கான்" என்றேன். அவர் பக்கத்தில் கருமாதிப் பந்தல் போடுகிறவர்கள் மூங்கில் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. சின்னராசுவை விட்டுவிட்டார்கள், அவன் வேலைக்குப் போனான். விசாரணை முடியும்வரை நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று என் சிவப்புப் பாஸ்போர்ட்டைப் போலீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊரில் செந்திலின் கருமாதி நடந்தது. சித்தப்பா குளத்தில் இறங்கி, செந்திலுக்கு ஒரு முழுக்கும் எனக்கு ஒரு முழுக்கும் போட்டுத் தலை முழுகினார்.