மேல்வீட்டுக்காரரும் கேலரியின் கடைசி உத்தரமும்

“இவன் வேண்டாம். வேற ஆளைப் போடுங்க.”

இந்த ஒரு பேச்சை மச்சான் வருஷக்கணக்காக நெஞ்சில் வைத்துப் புகைந்துகொண்டிருந்தான். சொன்னது வழியில் போகிற எவனோ என்றால் அன்றைக்கே சட்டையைப் பிடித்து உலுக்கி விஷயத்தை முடித்திருப்பான். சொன்னது அக்கா புருஷன். அதையும் வீட்டுக்குள் வைத்துச் சொன்னாரா? அதுதான் இல்லை. பல்கலைக்கழகத்தில் நீச்சல் குளத்துக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்த சமயம். கிரேன் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, சைட்டில் இருந்த அத்தனை வாக்கிடாக்கியிலும் கேட்கிற மாதிரி சொன்னார். மச்சான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிக்னல் கொடுக்க நின்றிருந்தான். கொடுத்திருந்த மஞ்சள் சட்டையின் மடிப்புகூட இன்னும் கலையவில்லை.

கம்பி கட்டுகிறவன், கல் சுமக்கிறவள், டீ கொண்டுவருகிறவர், எல்லாரும் சிரித்தார்கள். “சொந்த மாமாவே வேணாம்னுட்டாரு, இனி எந்த மாமா உன்னைச் சேர்த்துக்குவாரு?” என்று ஒருத்தன் கேட்டான். அவன் கன்னத்தில் ஒன்று விட்டதில் மச்சானுக்கு அந்த வாரச் சம்பளம் போனதுதான் மிச்சம்.

மச்சான் என்ற பெயர் வந்ததும் அந்த மனுஷனால்தான். அவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு சைட் முழுக்க அதுவே பெயராகிவிட்டது. இன்ஜினியர்கூட “மச்சான் எங்கேப்பா?” என்றுதான் தேடுவார். அவருக்கு அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது. ஆனாலும் மச்சான்.

மாமாவுக்கும் ஒரு பெயர் இருந்தது. மேல்வீட்டுக்காரர். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் தரையில் கால் வைப்பார். இடையில் ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, ஒரு காலி பாட்டில். காலி பாட்டில் எதற்கு என்று புதிதாக வந்தவன் கேட்டால், பழையவர்கள் அவனையே மேலே போய்க் கேட்டுவரச் சொல்வார்கள்.

அவர் கிரேன் ஓட்டவென்று பிறந்தவர் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்தின் பழைய விடுதிக்குச் செங்கல் சுமக்க வந்தவர். வாய் சும்மா இருக்காது. மேஸ்திரியோடு சண்டை, சூப்பர்வைசரோடு சண்டை. “தரையில நின்னா நாலு பேர் நாலு விதமா அதிகாரம் பண்றான். மேல போயிட்டா ஒருத்தன் சொல்றதைக் கேட்டாப் போதும்” என்று கணக்குப் போட்டு, கிரேன்காரர் ஒருவரின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து தொழிலைப் பிடித்துக்கொண்டார். பரீட்சை எழுதி லைசென்ஸும் வாங்கினார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, “உயர்ந்த வேலை” என்று சொல்லி அக்காவைச் சிரிக்க வைத்துவிட்டாராம். அக்கா அந்தச் சிரிப்புக்கு இன்னும் வருத்தப்படுகிறாள். “அவ்வளவு உசரத்துல ஆடுற கூண்டுல உக்காந்திருக்கிற மனுஷன், வீட்ல பரண்ல இருந்து ஒரு பெட்டியை இறக்கித் தரமாட்டாரு. ஸ்டூல் மேல ஏறினா தலை சுத்துதாம்!”

நகரத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பல்கலைக்கழகம் அது. நாலு பக்கமும் ரோடு, கடை, வீடு. அகலமாக வளர இடமில்லை, அதனால் உயரமாக வளர்ந்தது. பிள்ளைகள் ஓட்டத்திலும் நீச்சலிலும் பதக்கம் வாங்கிவர, பதக்கத்தின் பின்னாலேயே கட்டடமும் வந்தது. நீச்சல் கூடம், உள்விளையாட்டு அரங்கு, வீரர்களுக்குத் தனி விடுதி என்று வரிசையாக எழும்பிற்று. மாமாவின் கொக்கியில் தொங்காத ஒரு தூண் அந்த வளாகத்தில் கிடையாது. கடைசியாக ஓடுதளத்துக்குப் பக்கத்தில் புதுக் கேலரி. பழைய கேலரியை இடிக்காமல், அதன் முதுகுக்குப் பின்னால், அதைவிட உயரமாக, இரும்புக் கூரையோடு எழும்பிக்கொண்டிருந்தது. பல ஊர்ப் பல்கலைக்கழகங்கள் கலந்துகொள்ளும் தடகளப் போட்டிக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தினமும் யாராவது வந்து கழுத்தறுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மாமா ஏணியில் உட்கார ஆரம்பித்தார். முன்பெல்லாம் மூச்சுவிடாமல் ஏறுகிற ஆள். இப்போது ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்து நெஞ்சை நீவிக்கொண்டு ஏறினார். அக்காவுக்கு விஷயம் தெரிந்து, டாக்டரிடம் வாங்க என்று மல்லுக்கட்டினாள். “டாக்டர் என்ன சொல்லுவான்? இறங்குன்னுதான் சொல்லுவான். இந்தக் கூரை முடியட்டும், இறங்கிடறேன்” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அக்கா தம்பியிடம் வந்து அழுதாள். “நீயாவது சொல்லேன்டா.” தம்பி எங்கே சொல்வது? அவர்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசியே எவ்வளவோ காலமாகிவிட்டது. மச்சான் இன்னொரு கிரேனில் சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்தான். எதிரே வந்தால் இவன் வானத்தைப் பார்ப்பான், அவர் தரையைப் பார்ப்பார்.

கூரையின் கடைசி உத்தரத்தைத் தூக்க வேண்டிய காலையில் வழக்கமான சிக்னல்மேன் காய்ச்சலில் படுத்துவிட்டான். மத்தியானத்துக்கு மேல் பலமாகக் காற்றடிக்கும் என்று வானிலைச் செய்தி. அதற்குள் உத்தரம் உட்கார்ந்தாக வேண்டும். இன்ஜினியர் மச்சானைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கேலரி உச்சிக்கு அனுப்பினார்.

வாக்கிடாக்கி கரகரத்தது. “யாரு சிக்னல்?”

“நான்தான்,” என்றான் மச்சான்.

“வேற யாரும் இல்லையா?”

“இருந்தா நான் எதுக்கு இங்க வந்து நிக்கிறேன்?”

“சரி, ஆரம்பி.”

ஓடுதளத்தைக் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கோச் விசிலைக் கடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். உத்தரம் மேலே எழும்பியது. பேருந்து நீளத்துக்கு இரும்புப் பின்னல். ஓடுதளத்தைத் தாண்டிற்று. பழைய கேலரியின் கூரைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியதும் மாமாவின் கண்ணுக்கு மறைந்துபோயிற்று. இனி அவருக்கு மச்சானின் குரல்தான் கண்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இறக்கும்போது சிக்னல்காரன் வாய் ஓயக்கூடாது என்பது தொழில் வழக்கம். சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் கிரேன் நின்றுவிடும்.

“இறக்கு, இறக்கு, இறக்கு... மெல்ல இறக்கு... இறக்கு...”

மச்சானுக்குப் பக்கத்தில் நெட்டையன் ஒருத்தன், இன்னொரு ஆள், இருவரும் உத்தரத்தின் இரண்டு முனைக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாதி வழியில் உத்தரம் சட்டென்று நின்றது.

“இறக்குன்னுதானே சொல்றேன்? நான் நிறுத்தச் சொல்லலையே!”

வாக்கிடாக்கியில் மூச்சு மட்டும் வந்தது. ஓடி வந்தவன் மூச்சு மாதிரி.

“மச்சான்.”

வேலை வார்த்தை இல்லாமல் அந்தக் குரலைக் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

“சொல்லுங்க மாமா.”

“இடது கை வரமாட்டேங்குதுடா. கட்டையாட்டம் மடியில கிடக்கு. நெஞ்சு மேல யாரோ மூட்டையை இறக்கின மாதிரி இருக்கு.”

இன்ஜினியர் குறுக்கே புகுந்தார். “ஐயோ! எல்லாத்தையும் நிறுத்துங்க! அப்படியே விட்டுட்டு இறங்குங்க! யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!”

“அப்படியே விட்டா காத்து சும்மா இருக்காது சார்,” என்றார் மாமா. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக இழுத்துப் போட்டார். “தொங்குறது போய் கூரையில இடிக்கும். மேல ஆளுங்க நிக்கிறாங்க. யாரும் பேசாதீங்க. மச்சான் ஒருத்தன் பேசட்டும்.”

அதையும் அத்தனை வாக்கிடாக்கியும் கேட்டது. இத்தனை வருஷம் அந்த மாதிரி ஒரு பேச்சுக்காகத்தான் மச்சான் காத்துக் கிடந்தான். வந்தபோது வாங்கி வைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை.

உத்தரத்தின் ஒரு முனை காற்றில் மெதுவாகத் திரும்பியது. நெட்டையன் கயிற்றோடு இரண்டடி இழுபட்டுப் போனான். “சீக்கிரம்டா!” என்று அலறினான்.

“மாமா, திருப்புறது, இறக்குறது ரெண்டையும் ஒரு கையால பண்ண முடியுமா?”

“வலது கையால ஒவ்வொண்ணாப் பண்றேன். நீ ஒரு நேரத்துல ஒண்ணுதான் சொல்லணும். திருப்புன்னா திருப்பு மட்டும். இறக்குன்னா இறக்கு மட்டும். ரெண்டையும் சேர்த்துச் சொன்னே, செத்தோம்.”

பழகிய வாய்க்கு அது எவ்வளவு கஷ்டம் என்று மச்சானுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரும்பு வலது பக்கமும் கீழேயும் போக வேண்டியிருக்கிறது. நாக்கு இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்து பல்லில் முட்டுகிறது. விழுங்கிவிட்டு ஒன்றை மட்டும் சொன்னான்.

“வலது, வலது, வலது... நிறுத்து.”

நின்றது. ஒரு பிடியிலிருந்து இன்னொரு பிடிக்குக் கை போகிற நேரம் இருக்கிறதே, அந்த நேரத்தில் காற்று உத்தரத்தைத் தள்ளிப் பார்த்தது.

“இறக்கு... இறக்கு... இறக்கு... மாமா, கேக்குதா?”

“கேக்குது. கத்தாதே.”

“இறக்கு... நிறுத்து. இடது, துளி... நிறுத்து. இறக்கு...”

நெட்டையன் கைகளில் கயிறு தோலை உரித்துக்கொண்டிருந்தது. அவன் வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. ஒரு தடவை உத்தரத்தின் முனை ஏற்கெனவே மாட்டியிருந்த இரும்பில் போய் ‘ணங்’ என்று மோதியது. கேலரி முழுக்க அதிர்ந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகளில் ஒருத்தி வீறிட்டாள்.

“என்னடா அது?” என்றார் மாமா.

“ஒண்ணுமில்ல. உரசிச்சு. ஏத்து, துளி... நிறுத்து. வலது... நிறுத்து. இறக்கு, இறக்கு, இறக்கு...”

ஓட்டையும் ஓட்டையும் நேருக்கு நேர் வந்தன. நெட்டையன் ஆணியைச் சொருகிச் சுத்தியலால் ஒரு போடு போட்டான். மறுமுனையிலும் சத்தம் கேட்டது.

“உக்காந்துடுச்சு மாமா! உக்காந்துடுச்சு!”

“கொக்கியைக் கழட்டு,” என்றது வாக்கிடாக்கி. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

கழற்றி, கொக்கி மேலே போகிறதைப் பார்த்த அடுத்த நொடி மச்சான் படிகளில் இறங்கி ஓடினான். ஓடுதளத்தின் குறுக்கே பாய்ந்தான். கிரேன் அடியில் இன்ஜினியர் போனைக் காதில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். ஓட்டப் பிள்ளைகளோடு வந்திருந்த அணி டாக்டர் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைக் கிழித்து மச்சான் கையில் திணித்தார். “முழுங்கக் கூடாது, மென்னு தின்னச் சொல்லு. எழுந்திருக்க விடாதே. ஸ்ட்ரெச்சரோட ஆள் பின்னாடியே வர்றாங்க.”

மச்சான் ஏறினான். காற்று ஏணியோடு சேர்த்து அவனை உலுக்கியது. கூண்டின் கதவைத் திறந்தபோது மாமா நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வலது கை மட்டும் இன்னும் பிடியின் மேலேயே இருந்தது.

“மெல்லுங்க மாமா.”

மென்றார். முகத்தைச் சுளித்தார். “கசக்குதுடா.”

“பேசாதீங்க. ஆள் வந்துக்கிட்டிருக்கு.”

“பேசாம இருந்தா நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவே.” கண்ணை மூடிக்கொண்டார். “அன்னைக்கு உன்னை வேணாம்னேனே...”

“அது கெடக்குது விடுங்க.”

“தலைக்கு மேல அவ்வளவு இரும்பு தொங்குது. கீழ நிக்கிறது அவ தம்பி. எனக்குக் கை ஆடிப்போச்சு. சொன்னா நம்புவியா?”

“நம்பமாட்டேன்.”

“நம்பாதே. உன் குரல் அப்படியே உங்க அக்கா குரல். ‘இறக்கு, இறக்கு’ன்னு நீ சொன்னா, பரண்ல இருந்து பெட்டியை இறக்கச் சொல்ற மாதிரியே இருந்துச்சு. எரிச்சலாயிடுச்சு.”

இரண்டில் எது நிஜம் என்று மச்சானுக்குத் தெரியவில்லை. சிரிக்கவா, அவரைப் பிடித்து உலுக்கவா என்றும் தெரியவில்லை. துண்டை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தான். பலத்த காற்று ஒன்று வந்து மோதியது. கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கிறீச்சிட்டு, திரும்பி வந்தது. வெளியே கிரேனின் நீண்ட கை காற்றுக்குக் குறுக்கே விறைத்துக்கொண்டு நின்றது. மாமா கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். வலது கையைப் பிடியிலிருந்து எடுத்து முன்னால் நீட்டப் பார்த்தார். அதுவும் பாதியில் விழுந்துவிட்டது.

கீழே ஏணியில் ஆட்கள் ஏறிவரும் சத்தம் கேட்டது. மாமா மச்சானின் சட்டையைப் பார்த்துப் பேசினார். முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்க முடியவில்லை.

“ஒரு வேலை பண்ணு. அந்தச் சிவப்பு மூடியைத் திற. உள்ள இருக்கிறதுதான் திருப்பற பிரேக். அதைத் தளர்த்தி விட்டுடு. பூட்டியே இருந்தா கிரேன் காத்தோட மல்லுக்கு நின்னு சாஞ்சிடும், கீழ புள்ளைங்க நிக்குதுங்க. விட்டுடுடா. காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ, அந்தப் பக்கம் திரும்பிக்கட்டும்.”