மல்லாட்டைப் பையை வெளியே வைத்துவிட்டுப் பேசினேன்

கண்டாச்சிபுரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரைக் காணி நிலம். மல்லாட்டைதான் போடுவோம்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். அந்த நிலத்தைப் பற்றி விழுப்புரத்தில் யூனிவர்சிட்டிக்குள் போய்ப் பேசுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. கூப்பிட்டார்கள், போனேன், பேசினேன்.

அந்த யூனிவர்சிட்டியில் வேலை பார்க்கிற ஒரு டீச்சரம்மா திண்டிவனத்தில் இருக்கும் வீட்டிலிருந்து பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வருவார்கள். அப்போது ஊரெல்லாம் ஒரு விதை மருந்து விற்றார்கள். விதையில் தடவிப் போட்டால் காய் கொத்துக் கொத்தாகப் பிடிக்குமாம். அது நிஜமா என்று பார்க்க, என் நிலத்தில் பாதிக்குத் தடவியும் பாதிக்குத் தடவாமலும் டீச்சரம்மா விதைத்தார்கள். முதல் போகத்தில் ஆடு புகுந்து அடையாளக் குச்சியை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டது. எது எந்தப் பாத்தி என்றே தெரியவில்லை.

"குத்துமதிப்பா எழுதிக்கோங்கம்மா, யாரு வந்து பாக்கப் போறா" என்று நான்தான் சொன்னேன்.

"அதுக்கு நான் வீட்லயே உக்காந்துக்கினு எழுதிக்கலாமேம்மா" என்று சிரித்துவிட்டு, அடுத்த போகத்தில் முதலிலிருந்து செய்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே விளைச்சல். மருந்து தண்டம். கோயில் முன்னால் ஊரைக் கூட்டிச் சொன்னார்கள். அதற்கப்புறம் எங்கள் ஊரில் அதை யாரும் வாங்கவில்லை.

ஆனால் 'ஒரு பலனும் இல்லை' என்று எழுதினால் பெரிய பத்திரிகைக்காரர்கள் போட மாட்டார்களாம். எத்தனை கட்டுரை வந்தது, அதை எத்தனை பேர் எடுத்துக் காட்டினார்கள் என்று எண்ணித்தான் யூனிவர்சிட்டியில் மேல் பதவி கொடுப்பார்களாம். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். டீச்சரம்மா மட்டும் சேர்ந்த இடத்திலேயே இருந்தார்கள்.

பிறகு அந்த வழக்கத்தை மாற்றினார்கள். வெறுமனே எண்ணக் கூடாது, செய்த வேலையைப் படித்துப் பார்க்க வேண்டும், யாருக்காகச் செய்ததோ அவர்களையும் கேட்க வேண்டும் என்று வைத்தார்கள். அப்படித்தான் எனக்கு போன் வந்தது.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். "என்னா அத்தை, பொண்ணு பாக்கவா போறீங்க?" என்றாள் மருமகள்.

"பேசாம மல்லாட்டையக் கட்டுடி."

ஒருவர் காரியமாகப் போகும்போது வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. புது மல்லாட்டை, உப்புப் போட்டு அவித்தது, ஒரு பை நிறைய.

டீச்சரம்மாவுக்கு மேல் பதவி கொடுக்கலாமா என்று பார்க்கிற குழுவில் ஆண்களும் பெண்களுமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர்தான் தலைவர். பையை அவர் மேசைமேல் வைத்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. இவங்க விஷயமா வர்றவங்க கிட்ட நாங்க எதுவும் வாங்கக் கூடாது. வாங்கினா நீங்க பேசறது செல்லாது. அவங்க பதவியும் நின்னு போயிடும்."

"லஞ்சமா சார் குடுக்கறேன்? அவிச்ச மல்லாட்டை சார் இது!"

"வாசனையே பேஜாரு பண்ணுதும்மா, ஜல்தியா வெளிய வெச்சிட்டு வந்துடுங்க" என்றார் குழுவில் இருந்த ஒரு அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் வீட்டு மல்லாட்டையை வேண்டாம் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவது என்றுதான் வந்தேன்.

வராண்டாக் கோடியில் டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார்கள். என்னோடு பேசக் கூடாது என்று அவர்களுக்கும் உத்தரவு. பையைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்கள். நான் போய்விட்டால் அந்த நிலத்தில் நடந்ததைச் சொல்ல வேறு ஆள் கிடையாது. பையைச் சுவரோரம் இறக்கிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே திரும்பினேன்.

தலைவர் முதலில் கேட்டது, "விளைச்சல் எவ்வளவு ஏறிச்சும்மா?"

இரண்டு பங்கு என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. டீச்சரம்மாவுக்கு அதுதான் நல்லது என்று தோன்றியது. ஆனால் குச்சி போனதற்காக ஒரு போகத்தையே வேண்டாம் என்று விட்டவர்கள் அவர்கள். அவர்கள் பேரில் நான் பொய் வைப்பதா?

"ஏறலைங்க சார்" என்றேன். அப்புறம் ஆட்டிலிருந்து ஆரம்பித்து, கோயில் முன்னால் ஊர் கூடியதுவரை நிதானமாகச் சொன்னேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது அந்தப் பை பஸ்ஸில் காலியானது. கண்டக்டர் இரண்டு தடவை கை நீட்டினார்.

அடுத்த விதைப்புக்குள் டீச்சரம்மாவிடமிருந்து போன். "கெடைச்சிடுச்சும்மா" என்றார்கள்.

"அப்ப அந்தத் தலைவருக்கு இப்ப ஒரு பை குடுத்தனுப்பலாமா?"

"வேணாம்மா! அவங்க அடுத்து வேற ஆளுங்க பதவியப் பாக்கறாங்க."

"சரி, அவரு ரிட்டயர் ஆவட்டும்" என்றேன். என் நிலம் எங்கேயும் போய்விடாது.