ராஜாளிக்கு எதிரே ஒரு பீரங்கி

வத்தலக்குண்டில் பஸ் ஏறும்போதே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கொடைக்கானலுக்கு டிக்கெட் இரண்டு ரூபாய். ராஜாளியைப் பார்க்க இருநூறு கேட்டாலும் கொடுத்திருப்பேன்! மதுரையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பழைய தூரக்கண்ணாடி ஒன்று கடைக்கு வந்த நாளிலிருந்து பறவைப் பைத்தியம். ஆனால் ராஜாளி மட்டும் கண்ணில் படவே இல்லை. கொடைக்கானலுக்குக் கீழே அடுக்கம் என்ற மலையூருக்கு எதிர்ப் பாறையில் அது குஞ்சு பொரித்திருப்பதாகக் கொடைக்கானல் நண்பர் சொல்லியனுப்பியதும் கடையைப் பூட்டிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நடை. ஒரே இறக்கம். ஒன்பது மணிக்கு அடுக்கம் போய்ச் சேர்ந்தால் ஊரே திரண்டு நிற்கிறது. அன்றைக்கு அம்மன் கோயில் கும்பாபிஷேகம்! நான் தேடி வந்த பாறைக்கு நேர் எதிரே, பாளையக்காரர் காலத்துச் சிறு பீரங்கி, வெடிமருந்து இடித்து அடைத்து, கோயில் வேட்டுக்குத் தயாராக இருந்தது. வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் இந்த மாதிரிப் பீரங்கிக்கு ராஜாளியின் பெயரையே வைத்தார்களாம். அதை ரசிக்கும் நிலையிலா நான் இருந்தேன்? வெடி அதிர்ந்தால் பறக்கப் பழகாத குஞ்சு மிரண்டு பள்ளத்தில் விழுந்துவிடும்.

வெடி போடும் மாயாண்டியிடம் கெஞ்சினேன்.

"ஒரு பறவைக்காக அம்மன் வேட்டு நிக்குமாங்க? கருடன் வட்டமிடணும், தண்ணி ஊத்தணும், நான் திரியப் பத்தவைக்கணும். தள்ளி நில்லுங்க, எனக்குச் சோலி கெடக்கு."

கருடன் வரவில்லை. முகூர்த்தம் முடியப் போகிறது. கலசத்தருகே குருக்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வானத்தையே பார்த்தபடி நின்றார். தூரக்கண்ணாடி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். "பாருங்கய்யா, பாருங்க" என்று ஊரே என்னை நெருக்கியது.

அப்போது வானத்திலிருந்து கல் விழுவதுபோல் ஒன்று பாய்ந்து, கோபுரத்துக்கு மேலே நிமிர்ந்து வட்டமிட்டது. ராஜாளி! என்னை மறந்து, "வந்துட்டான்! வந்துட்டான்!" என்று கத்திவிட்டேன்.

அவ்வளவுதான். "கருடன்! கருடன்!" என்று ஊர் கை கூப்பியது. கலசத்தில் தண்ணீர் விழுந்தது, பெண்கள் குலவையிட்டார்கள். ராஜாளி நேரே எதிர்ப் பாறைக்குப் போய் உட்கார்ந்தது. மாயாண்டி தீப்பந்தத்தை எடுத்தார். ஓடிப்போய்த் தூரக்கண்ணாடியை அவர் கண்ணில் வைத்தேன்.

"அங்கே பாருங்க, குஞ்சு!"

அவர் கை அப்படியே நின்றது. "ஏலே, கருடன் வீடுல்ல இது!" என்றவர் பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தார். "அவரு வாசல்லயா வேட்டு? வேண்டாம்யா, குலவையே போதும்."

நான் திருத்தவில்லை. திருத்த நான் என்ன முட்டாளா?

அவர் தூரக்கண்ணாடியைத் திருப்பித் தருவதாக இல்லை. திடீரென்று துள்ளினார். "பறந்துருச்சு! குட்டி பறந்துருச்சுய்யா!" அந்தச் சத்தத்துக்குப் பீரங்கி தோற்றது. பிறகு மெதுவாக, "இப்பப் போடலாங்களா?" என்றார்.

"இன்னிக்குத்தானே பறக்குது. பொறுங்க."

பெருமூச்சு விட்டு, மருந்தைத் தானே சுரண்டி எடுத்தார்.

மதுரையில் என் கடையில் கண்ணாடி மாட்டிப் பார்ப்பவர்கள், "பரவாயில்லை, தெரியுது" என்பார்கள். ஒரு கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் குதித்தவர், இத்தனை வருஷத்தில், மாயாண்டி ஒருவர்தான். குஞ்சு பறந்ததை அவர்தான் பார்த்தார். அவர் குதித்ததை நான் பார்த்தேன்.