எண்ணெய் பூசிய மிளகாய்ச் செடிகள்

மல்லாங்கிணறு ஊருக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தோட்டமும் கிணறும் இருந்தன. நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் அந்தக் கிணற்றில் தவளைக்குக்கூடத் தண்ணீர் இல்லை. மிளகாய்ச் செடிகள் காலை பத்து மணிக்கே இலையைத் தொங்கப்போட்டுவிடும்.

“எம்புட்டு நாளைக்கு வானத்தையும் செல்போன்ல மழைச் செய்தியையும் பாத்துக்கிட்டே இருப்பீக? மொளகா போச்சுன்னா நான் கம்பெனி வேன்ல ஏறிருவேன்” என்று அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள். பட்டாசுக் கம்பெனி வேன் தினமும் எங்கள் தெருமுனையில் ஆரன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. அவருடைய தங்கை, எங்கள் அத்தை, அப்படி ஒரு வேனில் போய்த்தான் வெடி விபத்தில் செத்துப்போனாள்.

அந்த வாரம் டீச்சர் இலைத்துளைப் பாடம் நடத்தினார். இலைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. வேர் உறிஞ்சும் தண்ணீரில் பெரும்பகுதி அவற்றின் வழியாகத்தான் ஆவியாகிப் போகிறது. வீட்டில் இதைச் சும்மா சொல்லி வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்தினார்.

“அந்த ஓட்டைய அடைச்சுப்புட்டா தண்ணி நிக்கும்ல தாயி?”

“நிக்கும்ப்பா. ஆனா செடி மூச்சு விடுறதும் அது வழியாத்தான்.”

“மூச்சத்தான? மழை வர்ற வரைக்கும் அடக்கிக்கிரட்டும்.”

மறுநாள் விளக்கெண்ணெய்க் கிண்ணமும் பழைய வேட்டித் துணியுமாகத் தோட்டத்துக்குப் போனோம். அப்பா ஒவ்வொரு இலையாகத் திருப்பி, பிள்ளைக்குத் தேய்த்துவிடுவது போலப் பூசினார். “இங்கன சரியா தாயி?” என்று அடிக்கடி கேட்டுக்கொண்டார். நான் விவசாய ஆபீசர் தோரணையில் தலையாட்டினேன். பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பில் நின்று பார்த்தார். ஊரில் யாரையும் கேலி பேசாமல் விடாத மனிதர். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிட்டார்.

எண்ணெய் இலைகள் ஒன்றிரண்டு நாள் பளபளவென்று நின்றன. பிறகு மஞ்சளாகி உதிர்ந்தன. எண்ணெய் பத்தாமல் பூசாது விட்ட செடிகள் இலையைச் சுருட்டிக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தன. மழை வரவில்லை, அவையும் போயின.

அதற்கடுத்த திங்கட்கிழமை வேன் ஆரன் அடித்ததும் அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஏறினாள். அப்பா வாசலுக்கு வரவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் வெட்கமில்லாமல் ஒரு பெருமையும் மிச்சமிருந்தது. பயிரைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் ஊரே அப்பாவிடம்தான் வந்து கேட்கும். அப்படிப்பட்டவர் என்னிடம் கேட்டாரே என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கும் நிலைக்கு அந்த மனிதர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.