ஒன்பதாம் எண் பை

சலவைக்கூடத்தில் அவருக்குப் பெயர் ரெஃப்ரி. விசில் ஊதும் வேலைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஊதிய விசில் அத்தனையும் தப்பு என்று திங்கட்கிழமை காலையில் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வார், அவ்வளவுதான். அந்த ஆவேசத்தில் இதுவரை யார் சட்டையும் கருகாமல் தப்பித்தது இருபத்தாறு வருடப் பழக்கத்தின் புண்ணியம்.

ஊர்க் கால்பந்துக் கிளப்பின் உடுப்புகள் இந்தக் கூடத்துக்குத்தான் வரும். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வலைப்பை. அவரவர் காலுறை, பனியன் எல்லாம் அதற்குள். வாயைப் பெரிய ஊக்கால் பூட்டி, பையோடு அப்படியே இயந்திரத்தில் போட்டுவிடுவார்கள். யாருடைய பை என்பதற்கு, எண் எழுதிய ஒரு துணித்துண்டு மேலே தைத்திருக்கும். ஆள் கிளப்பை விட்டுப் போனால் அந்தத் துண்டைப் பிரித்தெடுத்துவிட்டு வெறும் பையைத் திருப்பி அனுப்ப வேண்டும். மற்றப் பைகளுக்கு யார் யாரோ தைத்தார்கள். ஒன்பதாம் எண்ணை மட்டும் ரெஃப்ரி தன் கையால், தடித்த நூலில், இரட்டைத் தையலாகப் போட்டிருந்தார்.

ஒன்பது யார் என்று ஊரில் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். மூன்று வருடத்தில் எழுபத்தோரு கோல். இப்போது பணக்காரக் கிளப் ஒன்று அவனுக்கு வலை விரித்திருந்தது. ஆட்களை வாங்கவும் விற்கவும் கொடுத்த கெடு அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதுவரை தாக்குப்பிடித்துவிட்டால் அந்த வருடம் முழுக்க அவன் இங்கேதான்.

காலையிலிருந்தே ரெஃப்ரி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளப் கோப்பை ஜெயிப்பதற்காக இல்லை. மகளுக்காக.

நாலு வருடத்துக்கு முன்னால், வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று மகள் வந்து நின்றாள். தாயில்லாத வீட்டில் இருந்ததே அவர்கள் இரண்டு பேர். மூக்கு நுனியில் கோபத்தை வைத்திருக்கிற மனிதர், யோசிக்காமல் ஒரு வார்த்தையை விட்டார்: "போனா அப்படியே போயிடு." அவளும் அவர் மகள்தானே, அப்படியே போய்விட்டாள். ஒரு வருடம் பேச்சு மூச்சில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது தன் முதல் கோலை அடித்து ஆட்டம் முடிந்த அரை மணியில், போன் அடித்தது.

"பாத்தீங்களா?" என்றாள் மகள்.

"பாத்தேன்" என்றார் இவர்.

அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் பேச்சு. எல்லாம் ஒன்பதைப் பற்றித்தான். "நல்லா இருக்கியாம்மா?" என்று இவர் மெல்ல ஆரம்பித்தால், "இருக்கேன். அந்த ரெண்டாவது கோல் இருக்கே..." என்று அவள் தாவிவிடுவாள். இவராக அவளைக் கூப்பிட்டதே இல்லை. அந்த வார்த்தையைச் சொன்ன வாயை வைத்துக்கொண்டு எப்படிக் கூப்பிடுவது? போன வாரம் அவள் சொல்லியிருந்தாள்: "அவன் போயிட்டா நான் மேட்ச் பாக்கறதையே விட்டுடுவேன்பா." அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

பதினோரு மணிக்குக் கிளப்பின் பைகளை எண்ணினார். இருபத்து மூன்று இருக்க வேண்டும், இருபத்திரண்டுதான் இருந்தது. குனிந்து, நிமிர்ந்து, முட்டி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எண்ணினார். ஒன்பதைக் காணோம்.  ஆள் போய்விட்டான், அதனால்தான் பை வரவில்லை என்று முடிவுகட்டினார். ஊருக்குத் தெரியும் முன்பே தனக்குத் தெரிந்துவிட்டது. இதை அவள் வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, கை தானாகப் போனை எடுத்துவிட்டது.

முதல் மணியிலேயே எடுத்தாள். "அப்பா? என்னாச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"அதெல்லாம் இல்லம்மா. ஒன்பது போயிட்டான்."

"யார் சொன்னா?"

"பை வரல."

 "சரிப்பா, வேலையில இருக்கேன்" என்று வைத்துவிட்டாள். மூன்று வருடப் பேச்சு முக்கால் நிமிடத்தில் முடிந்துபோனது என்று நினைத்தார் ரெஃப்ரி.

ஓட்டல் துணிகளைக் கொடுத்துவிட்டு வேனில் திரும்பி வந்தாள், சலவை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மிஷின் அக்கா; அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்தப் பை தொட்டியில ஊறுது, பாக்கலையா? காலுறையில ரத்தம். ரத்தக்கறைன்னா வெந்நீர் ஆகாது, முதல்ல பச்சைத்தண்ணின்னு சட்டம் போட்டதே நீங்கதானே அண்ணே!"

ஓடினார். தொட்டியில் ஒன்பதாம் எண் பை மிதந்துகொண்டிருந்தது. உள்ளே காலுறையின் குதிகால் பக்கம் வெளிறிய சிவப்பு. குதிகால் தோல் கிழிய நேற்றுப் பயிற்சி செய்திருக்கிறான்! போகிறவன் இப்படியா உழைப்பான்? ரெஃப்ரிக்குப் போன உயிர் வந்தது. மகளைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. கறையைத் தானே உட்கார்ந்து கசக்கினார், அது போகிறவரைக்கும்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரேடியோவில் சொன்னார்கள். ஒன்பது போய்விட்டான். கையெழுத்தாகிவிட்டது.

மிஷின் அக்கா ரேடியோவை அணைத்தாள். ரெஃப்ரி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, உலர்ந்த பையோடு பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் போட்ட இரட்டைத் தையல் லேசில் பிரிய மாட்டேன் என்றது. முக்கால்வாசி பிரித்திருந்தபோது போன் அடித்தது.

"கேட்டீங்களா?" என்றாள் மகள்.

"கேட்டேன்."

 பேசுவதற்கு இனி இரண்டாவது கோல் இல்லை, திட்டுவதற்கு விசிலும் இல்லை. இப்போது வைத்துவிடுவாள், அதன் பிறகு அவள் போன் என்றைக்குமே வராது என்று அவருக்குத் தோன்றியது. எதையாவது சொல்லியாக வேண்டும்.

"முட்டி வலிக்குதும்மா" என்றார்.

"என்னது?"

"இடது முட்டி. மாடி ஏற முடியல."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"ரெண்டு வருஷமா? வாராவாரம் பேசறோம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னீங்களா? டாக்டர்கிட்ட போனீங்களா? போயிருக்க மாட்டீங்க. ஆஃப்சைடைப் பத்திப் பேசத் தெரியுது, இதைச் சொல்லத் தெரியலையா? சனிக்கிழமை நான் வரேன். அதுவரைக்கும் நின்னுக்கிட்டே இஸ்திரி போடாதீங்க, கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றார். முக்கால்வாசி பிரிந்த எண் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவள் மேலும் திட்டுவதற்காகக் காத்திருந்தார்.